மேற்படிக்கு மேல் வரி

லியென் யூ-ஷியூவுக்கு அலுவலகத்தில் ‘மருத்துவச்சி’ என்று பெயர். பிரசவம் பார்ப்பவள் என்ற பொருளில்தான் அப்படிக் கூப்பிட்டார்கள். தைச்சுங் நகரத்தில் மோட்டார் உதிரிபாகக் கடை ஒன்றின் மாடியில் ஒன்பது பேர் வேலை செய்யும் சின்ன நிறுவனம் அது. டீக்கடைகளில் ஆர்டர் எடுப்பதற்கான புரோகிராம் எழுதிக் கொடுப்பது அவர்கள் தொழில். புதிதாக ஏதாவது எழுதி முடித்தால் மற்றவர்கள், “ஓடுதா?” என்று கேட்பார்கள். யூ-ஷியூ மட்டும், “இது எங்க பிறக்குது?” என்று கேட்பாள்.

புரோகிராமுக்குள் ஒரு கப் டீ ஒரு பொருள். பில் ஒரு பொருள். கப்பின் மேல் ஒட்டும் சீட்டு ஒரு பொருள். ‘புதிதாக ஒன்றை உண்டாக்கு’ என்று யார் வேண்டுமானாலும் எந்த இடத்தில் வேண்டுமானாலும் எழுதிவிடலாம், கணினி தடுக்காது. யூ-ஷியூ தடுப்பாள். “கண்ட இடத்துல பெத்துப் போட்டா அப்புறம் யாரு யாருன்னு தெரியாது. பிறக்கறதுக்குன்னு ஒரு இடம் வேணும்” என்பாள்.

பெயர் வைத்தவன் திங்-யாவ். பெரிய பல்கலைக்கழகத்தில் படித்தவன், அவளைவிடப் பத்து வயது இளையவன். ஒருமுறை ஒரு கடையில் இரண்டு திரைகளும் தனித்தனியே வரிசை எண் கொடுக்கும்படி அவன் எழுதிவிட்டான். நாற்பத்தேழு என்ற எண்ணோடு இரண்டு பேர் வந்து நின்று, ஒரே பூசணி டீயை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். யூ-ஷியூ அதைத் திருத்தினாள். புரோகிராமுக்குள் எண் கொடுப்பவர் கடைக்கு ஒருவர்தான்; எந்தத் திரை கேட்டாலும் அந்த ஒருவரே வந்து நிற்பார், இரண்டாவது ஆள் பிறக்கவே முடியாது. புத்தகத்தில் இதற்கு ‘சிங்கிள்டன்’ என்று பெயர். அவள் ‘ஒத்தைப் பிள்ளை’ என்றாள்.

“அக்கா, நீங்க புரோகிராம் எழுதறீங்களா, பிரசவ ஆஸ்பத்திரி நடத்தறீங்களா?” என்றான் திங்-யாவ்.

“நடத்துறேன். நீ ரெட்டைப் பிள்ளையப் பெத்துட்டு ஓடிப் போறியே, அதுக்குத்தான்.”

அன்றிலிருந்து மருத்துவச்சி.

அவள் தைச்சுங்குக்குத் தெற்கே தாலி என்ற ஊரில், லேத் பட்டறைகளுக்கு நடுவே வளர்ந்தவள். படித்தது வணிகத் தொழிற்பள்ளி. பிறகு மூன்று வருடம் ஒரு மருந்துக்கடையில் கல்லாவில் நின்றாள். இருபத்து நாலு வயதில் அரசாங்கம் நடத்திய ஆறு மாதப் பயிற்சி வகுப்புக்கு மனுப் போட்டாள். காத்திருப்போர் பட்டியலில் நான்காவது பெயர். முதல் வாரத்தில் ஐந்து பேர் நின்றுவிட்டதால் இடம் கிடைத்தது. பொருள்களை உண்டாக்கும் முறைகள் என்று ஆசிரியர் ஒருநாள் பலகையில் எழுதிப் போட்டார். மற்றவர்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்தார்கள். யூ-ஷியூவுக்குக் கல்லாவில் நின்ற மூன்று வருடமும் கண்முன் வந்தது. அங்கே நடந்த குளறுபடிகளில் பாதி, ஒரு சீட்டு பிறக்க வேண்டாத இடத்தில் பிறந்ததால் வந்தவை.

அவளுடைய அண்ணன் குவோ-துங் ஒன்பது வயது மூத்தவன், நடுநிலைப் பள்ளியோடு லேத்துக்குப் போனவன். வகுப்பு முடிந்து அவளுக்கு வேலை கிடைத்த வாரம், அலுமினியத்தில் ஒரு புத்தகத் தாங்கி கடைந்து கொடுத்தான். அதில் அவள் பெயர் ஒன்றரை மில்லிமீட்டர் ஆழத்துக்கு வெட்டப்பட்டிருக்கிறது. பன்னிரண்டு வருடம் கழித்தும் அது அவள் மேசையில் இருக்கிறது, ஓரங்கள் இன்னும் மங்கவில்லை.

அந்தப் பன்னிரண்டாவது வருடம் வசந்தத்தில் முப்பத்தொரு கிளைகள் உள்ள ஒரு டீ நிறுவனம், அவர்களுடைய புரோகிராமை ஒரு கடையில் வைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு மற்றதைப் பேசலாம் என்று சொன்னது. தாலியில் இருந்த கிளையைக் கேட்டு வாங்கியவள் யூ-ஷியூதான். சந்துபொந்தெல்லாம் தெரிந்த ஊர். அந்தக் கடைக் கல்லாவில் பதினெட்டு வருடமாக நிற்பவள் பாய் ஷியாங். ஐம்பத்து மூன்று வயது, எல்லோருக்கும் ஷியாங் அக்கா.

ஒரு வரிகூட எழுதுவதற்கு முன் யூ-ஷியூ நான்கு நாள் அந்தக் கடையில் நின்று பார்த்தாள். மூன்றாம் நாள் ஷியாங் அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

“ஏம்மா, டீயும் குடிக்க மாட்டேங்குற, நகரவும் மாட்டேங்குற. என்ன, எனக்கு மாப்பிள்ளை பாக்க வந்தியா?”

“நீங்க எப்படி ஆர்டர் எடுக்கறீங்கன்னு பாக்குறேன் அக்கா.”

“காதால எடுக்குறேன். வேற எதாலயும் எடுக்க முடியுமா?”

பழைய திரையில் ஒரு கப்புக்கு எல்லா விவரங்களையும் ஒரே வரிசையில் அடிக்க வேண்டியிருந்தது. ஒன்றைத் தவறவிட்டால் எல்லாம் ஓர் இடம் தள்ளிப் போய்விடும், ‘அரைச் சர்க்கரை’ ஐஸ் இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். ஒருமுறை ‘சூடு, ஐஸ் கம்மி’ என்றே ஒரு சீட்டு வந்ததாம். அதை ஷியாங் அக்கா குளிர்பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தாள். யூ-ஷியூ அந்த வரிசையைக் கலைத்தாள். முதலில் டீ, பிறகு அளவு, பிறகு சர்க்கரை, பிறகு ஐஸ், கடைசியில் கூடப் போடும் மரவள்ளிமாவு முத்து, ஜெல்லி வகைகள். ஒவ்வொன்றாகச் சொல்லி, எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனால்தான் கப் பிறக்கும். அரைகுறையாக ஒரு கப்பும் வெளியே வராது. சூடு என்று சொல்லிவிட்டால் ஐஸ் பொத்தானே காணாமல் போய்விடும்.

“இது பரவாயில்லையே! என் புருஷனுக்கு இருக்கறதவிட விவரம் இருக்கு” என்றாள் ஷியாங் அக்கா.

தினமும் மதியம் இரண்டரைக்கு லேத் பட்டறையிலிருந்து தொலைபேசி வரும். பட்டறையில் எல்லோருக்கும் டீ சொல்லும் பொறுப்பு குவோ-துங்குடையது. கோடு போட்ட தாளில் ஆளுக்கொரு வரி எழுதி, தேதி போட்டு, அதைப் பார்த்து வாசிப்பான்.

“ஒண்ணு, பெரிய பால் டீ, முத்து, அரைச் சர்க்கரை, ஐஸ் கம்மி. ரெண்டு, மேற்படி, முத்து வேணாம். மூணு, மேற்படி, சர்க்கரையே வேணாம். நாலு, பச்சை டீ...”

ஷியாங் அக்கா ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு யூ-ஷியூவைப் பார்த்தாள். “உங்க அண்ணன் வாயில மேற்படி இல்லாம ஒரு வரி வராது. கல்யாணத்துல பொண்ணு சம்மதம்னு சொன்னதும், இவரு மேற்படின்னுதான் சொல்லியிருப்பாரு.”

“நான் பக்கத்துலதான் இருந்தேன் அக்கா. தலையத்தான் ஆட்டினாரு.”

“இத்தன கப்புக்கும் எல்லாத்தையும் திரும்பத் திரும்ப அடிக்கணும்னா முடியாதும்மா. எனக்கு வாய்தான் வேகம், விரல் இல்ல.”

அவளுக்காக யூ-ஷியூ ஒரு பொத்தான் வைத்தாள். அதன்மேல் ‘மேற்படி’ என்றே எழுதினாள். அழுத்தினால், முந்தின கப்பை முதலிலிருந்து கட்டாமல் அப்படியே பிரதி எடுத்து அடுத்த கப் பிறந்துவிடும். பிறகு எது வேறோ அதை மட்டும் மாற்றினால் போதும். இதுவும் புத்தகத்தில் உள்ள முறைதான், ஆனால் அவள் அதைப் புத்தகத்திலிருந்து எடுக்கவில்லை. அண்ணனின் தாளிலிருந்து எடுத்தாள். பன்னிரண்டு வருடத்தில் அவள் மனசுக்குப் பிடித்து எழுதிய துண்டு அது. இரண்டு நாள் அதைச் சோதித்தாள். சர்க்கரையை மாற்றினாள், ஐஸை மாற்றினாள், முத்தைச் சேர்த்தாள், எடுத்தாள். ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பிறந்த கப்பைத் திறந்து பார்த்தாள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

புரோகிராமைக் கடையில் ஏற்றிய அன்று ஷியாங் அக்கா, சீட்டு அடிக்கும் இயந்திரத்தின் தலையில் பச்சை நிற நொறுக்குத்தீனிப் பொட்டலம் ஒன்றை வைத்தாள். அந்த ஊர் நம்பிக்கைப்படி, இயந்திரம் சமர்த்தாக இருக்க வேண்டும் என்றால் பொட்டலம் பச்சையாக இருக்க வேண்டும், பிரிக்கக் கூடாது, தேதி தாண்டியிருக்கக் கூடாது. யூ-ஷியூ குனிந்து தேதியைப் பார்த்துவிட்டு, “நவம்பர் வரைக்கும் இருக்கு” என்றாள்.

ஒரு வாரம் ஒழுங்காகப் போனது. இரண்டாவது வாரம் தவறான கப்புகள் வரத் தொடங்கின. முத்து கேட்டவனுக்கு முத்து இல்லை. ஜெல்லி கேட்காதவனுக்கு ஜெல்லி. ஒருநாள் எல்லாம் சரியாக வரும், அடுத்த நாள் இரண்டு தப்பாக வரும். மூன்று வாரத்தில் பத்தொன்பது கப். அத்தனையும் ஷியாங் அக்கா எடுத்த ஆர்டர்கள். மாலையில் வேலைக்கு வரும் இரண்டு கல்லூரிப் பெண்கள் எடுத்ததில் ஒன்றுகூட இல்லை.

“நான் சொல்லிச் சொல்லித்தான் அடிக்கிறேன். திரையிலயும் சரியாத்தான் தெரியுது. சீட்டு வர்றப்போ மாறிப் போகுது” என்றாள் ஷியாங் அக்கா. அவள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. திரையில் அப்போது அடிக்கும் கப் மட்டும் பெரிதாகத் தெரியும், அடித்து முடித்தவை வெறும் பெயராகச் சுருங்கிவிடும். சீட்டெல்லாம் ஆர்டர் முடிந்த பிறகுதான் வரும். நடுவில் என்ன நடந்தது என்று அவளாலும் காட்ட முடியவில்லை.

டீ நிறுவனத்தின் மேற்பார்வையாளர் ஃபாங் வந்தார். கடை முதலாளியம்மாவை ஓரமாகக் கூப்பிட்டு, வயசானவர்களுக்குப் புதுத் திரை ஒத்துவராது என்றார். ஷியாங் அக்காவை வூஃபெங் கிளையில் பின்கட்டுக்கு, முத்து வேகவைக்கும் வேலைக்கு மாற்றலாம், இஷ்டமில்லை என்றால் நின்றுகொள்ளலாம் என்றார். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு முடிவு செய்யலாம், அதற்கு முன்பு தவறுக்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று யூ-ஷியூவின் நிறுவனத்துக்கும் சொல்லி அனுப்பினார்.

நிறுவனத் தலைவர் பான் அந்த வேலையை யூ-ஷியூவிடம் கொடுத்தார். அவள் பத்தொன்பது கப்புகளின் பதிவையும் எடுத்தாள். எல்லாவற்றிலும் ஷியாங் அக்காவின் எண். தன் பொத்தானை மறுபடி சோதித்தாள். பிறந்த கப் ஒவ்வொன்றும் சரி. வேறு வழி தெரியவில்லை. புதன்கிழமை மதியம் நான்கு மணிக்கு, ‘காரணம்: இயக்குபவரின் கவனக்குறைவு’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

வியாழக்கிழமை மாலை அண்ணன் வீட்டில் சாப்பாடு. மீன் சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டே குவோ-துங் கேட்டான்.

“ஷியாங் அக்காவ வூஃபெங்குக்கு மாத்தப் போறாங்களாமே?”

“ம்.”

“அவ மேலதான் தப்புன்னு எவனோ எழுதிக் குடுத்திருக்கானாம். எவன் அவன்?”

யூ-ஷியூ சோற்றுக் குச்சிகளைக் கிண்ணத்தின் மேல் வைத்தாள். “நான்தான் எழுதினேன்.”

குவோ-துங் எழுந்து போய் தாள்கள் கோத்த கோப்பு ஒன்றைக் கொண்டுவந்து அவள் பக்கம் தள்ளினான்.

“சாப்பிட்டுட்டுப் பாரு. ஆறிடும்.”

அவள் சாப்பிடாமலே திறந்தாள். மூன்று வாரத்து டீத் தாள்கள், தேதி வரிசையில். முன்பக்கத்தில் அவன் கையெழுத்தில் ஆர்டர். பின்பக்கத்தில், ஒவ்வொரு கப்பிலிருந்தும் கிழியாமல் உரித்து எடுத்த சீட்டுகள், அதே வரிசை எண்ணில் ஒட்டியிருந்தன. தப்பாக வந்த வரிகளின் கீழே சிவப்புப் பென்சில் கோடு, அளவுகோல் வைத்துப் போட்டது.

“இதெல்லாம் எதுக்கு அண்ணே சேத்து வச்ச?”

“பட்டறையில ஒரு துண்டு அளவு தப்பா வந்தா, துண்டத் தூக்கிப் போட்டுட்டா ஏன் தப்புச்சுன்னு தெரியாது. எடுத்து வைக்கணும். பதினெட்டு வருஷமா அந்த அக்கா எங்களுக்கு டீ குடுக்குது. ஒரு கப் மாறினதில்ல. திடீர்னு பத்தொன்பது மாறுமா?”

அவள் சிவப்புக் கோடுகளை எண்ணிக்கொண்டே போனாள். சர்க்கரை ஒரு இடத்தில்கூடத் தப்பவில்லை. ஐஸும் தப்பவில்லை. தப்பியதெல்லாம் முத்தும் ஜெல்லியும்தான்.

“பசங்க ஒரு வேடிக்கை சொன்னானுங்க. மேற்படிக்காரன்தான் அதிர்ஷ்டசாலியாம். வக்கணையா முழுசாச் சொன்னவன்தான் ஏமாறுறானாம்” என்றான் குவோ-துங்.

யூ-ஷியூவின் விரல் ஒரு கோட்டின் மேல் நின்றுவிட்டது. அதற்கு அடுத்த வரி ‘மேற்படி, முத்து வேண்டாம்’. அடுத்த தாளைப் புரட்டினாள். சிவப்புக் கோட்டுக்கு அடுத்த வரி ‘மேற்படி, ஜெல்லி சேர்த்து’. அடுத்தது. அதற்கடுத்தது. எல்லாச் சிவப்புக் கோடும் ஒரு மேற்படிக்கு மேல் வரியில் இருந்தது. ஒரே ஒருநாள் மேல் வரிகள் இரண்டு தப்பியிருந்தன. அவற்றின் கீழே மேற்படி அடுத்தடுத்து இரண்டு முறை வந்திருந்தது.

பொத்தானில் தப்பு என்றால் பொத்தானால் பிறந்த கப்தான் தப்பாக இருக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவளும் அதைத்தான் திறந்து திறந்து பார்த்தாள். பிள்ளையைப் பார்த்தவள் ஒருமுறைகூடத் திரும்பித் தாயைப் பார்க்கவில்லை.

இப்போது பார்க்காமலே தெரிந்தது. பிரதி எடுக்கும்போது அளவும் சர்க்கரையும் ஐஸும் புது கப்புக்கென்று தனியாக எழுதப்பட்டன. முத்து, ஜெல்லி வகைகள் ஒரு பட்டியல். அந்தப் பட்டியல் மட்டும் புதிதாக எழுதப்படவில்லை. அது எங்கே இருக்கிறது என்ற விலாசம்தான் பிரதியானது. இரண்டு கப்புக்கும் ஒரே பட்டியல். கீழே இருப்பவன் முத்து வேண்டாம் என்றதும் மேலே இருப்பவனின் முத்தும் போயிற்று. முதல் வாரம் பொத்தானுக்கு ஷியாங் அக்காவின் விரல் பழகியிருக்கவில்லை, மாலைப் பெண்களுக்கு அது தேவைப்படவே இல்லை.

“அண்ணே, உங்க பட்டறையில ஆளுக்கொரு வருகை அட்டைதானே?”

“பின்ன?”

“நான் ரெண்டு பேருக்கு ஒரே அட்டையக் குடுத்துட்டேன்.”

குவோ-துங் யோசித்தான். “அப்ப ஒருத்தன் லீவு போட்டா இன்னொருத்தனுக்கும் லீவு விழும்.”

“அதேதான்.”

“கம்ப்யூட்டர்ல இப்படியெல்லாமா நடக்கும்?”

“படிக்கிறப்பவே எச்சரிக்கை பண்ணுவாங்க அண்ணே. எல்லாருக்கும் தெரிஞ்ச தப்பு. எனக்கும் தெரியும்.”

அவன் அவள் கிண்ணத்தை எடுத்துப் போய்ச் சூப்பைத் திரும்பச் சூடாக்கிக் கொண்டுவந்தான். “ஷியாங் அக்காகிட்ட நீயே போய்ச் சொல்லு ஆ-ஷியூ. நான் சொல்ல மாட்டேன்” என்று மட்டும் சொன்னான்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு, ஸ்கூட்டரில் கடைக்குப் போகும் வழியிலேயே அவள் தலைவர் பானைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். அவர் முழுதும் கேட்டார்.

“இத இன்னைக்கா கண்டுபிடிக்கணும்? சரி. திருத்த எவ்வளவு நேரமாகும்?”

“அரை மணி.”

“திருத்திச் சத்தமில்லாம ஏத்திடு. தப்பு தானா நின்னுடும். அறிக்கைய அப்படியே விடு. புரோகிராம்ல ஓட்டைன்னு நம்ம கையால எழுதிக் குடுத்தா முப்பத்தொரு கடையும் வேற ஆளுகிட்டப் போயிடும்.”

“ஷியாங் அக்கா?”

“வூஃபெங்ல அதே சம்பளம்தானே? பதினஞ்சு நிமிஷம் வண்டி ஓட்டணும், அவ்வளவுதான்.”

யூ-ஷியூ ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தினாள். “தலைவரே, இது எங்க பிறந்துச்சுன்னு எனக்குத் தெரியும். இன்னொருத்தர் வீட்டு வாசல்ல கொண்டு போய் வச்சிட்டு வர மாட்டேன். அறிக்கைய நான் மாத்தி எழுதுறேன். உங்களுக்கு வேணாம்னா அதுக்கப்புறம் என்னைய நிறுத்திக்கங்க.”

“மருத்துவச்சிக்கு வாய் ரொம்ப நீளம்” என்று பான் வைத்துவிட்டார்.

எட்டரைக்குக் கடையில் ஷியாங் அக்கா அன்றைய முதல் முத்துப் பானையைக் கிளறிக்கொண்டிருந்தாள். யூ-ஷியூ பானைக்குப் பக்கத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கையெழுத்துப் போட்டதையும் சொன்னாள். ஷியாங் அக்கா கிளறுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அடிப்பிடித்துவிடும்.

“மூணு வாரம். ராத்திரி படுத்தா விரல்ல அடிச்சு அடிச்சுப் பாப்பேன், சரியா அடிச்சேனான்னு. கண் டாக்டர்கிட்டப் போனேன், தெரியுமா உனக்கு?” மூக்கில் இருந்த கண்ணாடியைக் கரண்டியின் பிடியால் காட்டினாள். “புதுசு. பழசுலயே நல்லாத்தான் தெரிஞ்சுது. அவரு, ஒண்ணும் குறையில்லம்மான்னாரு. நான்தான் இல்ல இல்ல, குறை இருக்கு, மாத்திக் குடுங்கன்னு சண்ட போட்டு வாங்கிட்டு வந்தேன்.”

“மன்னிச்சிருங்க அக்கா.”

“மன்னிக்கறது அப்புறம். பத்து மணிக்கு அந்த ஃபாங் முன்னாடி இதச் சொல்லுவியா? இல்ல பானைகிட்ட சொன்னதோட சரியா?”

“சொல்லுவேன்.”

“அப்ப கரண்டியப் பிடி. என்னைய முகம் கழுவ விடு.”

பத்து மணிக்கு ஃபாங் வந்தார். முதலாளியம்மா நாற்காலி போட்டாள். பானும் வந்துவிட்டார். யூ-ஷியூவைப் பார்க்காமல், இயந்திரத்தின் தலையில் இருந்த பச்சைப் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். யூ-ஷியூ பொத்தானை இன்னும் திருத்தவில்லை. வேண்டுமென்றேதான் விட்டுவைத்திருந்தாள்.

“ஃபாங் சார், உங்களுக்கு என்ன டீ?” என்று கேட்டாள்.

“எனக்கு எதுவும் வேணாம். அறிக்கையக் குடுங்க.”

“டீதான் அறிக்கை. சொல்லுங்க.”

ஃபாங் முதலாளியம்மாவைப் பார்த்தார். பிறகு, “ஊலாங். நடுத்தர கப். தேங்காய் ஜெல்லி. சர்க்கரை கம்மி” என்றார்.

“அக்கா அடிக்க வேணாம், நீங்களே அடிங்க.”

அவரே அடித்தார். திரையில் ஜெல்லியோடு ஊலாங் தெரிந்தது. “சரியா இருக்கா சார்?” “சரி.” “இப்ப எனக்கும் அதே மாதிரி ஒண்ணு, ஆனா ஜெல்லி வேணாம். அந்தப் பொத்தான அழுத்துங்க.” மேற்படியை அழுத்தினார், ஜெல்லியை எடுத்தார், ஆர்டரை முடித்தார். இரண்டு சீட்டு வந்தன. ஷியாங் அக்கா எப்போதும்போலச் சீட்டைப் பார்த்துக் கலக்கி, மூடி ஒட்டி, முதல் கப்பை அவர் கையில் கொடுத்தாள். அவர் குழலைக் குத்தி உறிஞ்சினார். கப்பை வெளிச்சத்தில் தூக்கி அடியைப் பார்த்தார்.

“என் ஜெல்லி எங்க?”

“எனக்கு வேணாம்னு எடுத்தீங்கல்ல, அதோட உங்களுதும் போயிடுச்சு” என்றாள் யூ-ஷியூ. “அக்கா தப்பா அடிக்கல. நான் தப்பா எழுதினேன். புதன்கிழமை குடுத்த அறிக்கையும் தப்பு.” மடித்து வைத்திருந்த தாளை நீட்டினாள். காரணம் என்ற இடத்தில் தன் பெயரைக் கையால் எழுதியிருந்தாள்.

ஃபாங் இன்னொரு தடவை அடித்துப் பார்த்தார். மறுபடியும் ஜெல்லி போனது. மூன்றாவது தடவை அடிக்கப் போனபோது ஷியாங் அக்கா கையை நீட்டித் தடுத்தாள்.

“சார், இதுக்கு மேல அடிச்சா அத்தன ஊலாங்கையும் நீங்கதான் குடிக்கணும். எனக்குக் கண் சரியில்ல, யார் கேட்டாங்கன்னு தெரியாது.”

முதலாளியம்மா சிரித்துவிட்டாள். ஃபாங் சிரிக்கவில்லை, ஆனால் உட்கார்ந்தார். வாடிக்கையாளர் எல்லோரும் கல்லாவில் நிற்பவளைத்தானே குறை சொன்னார்கள் என்று பொதுவாகச் சொல்லிப் பார்த்தார். பிறகு ஜெல்லி இல்லாத கப்பைப் பார்த்துவிட்டு, ஷியாங் அக்கா கல்லாவிலேயே இருக்கட்டும் என்றார். சோதனைக் காலம் இன்னும் இரண்டு மாதம் நீளும். தானே சரிபார்க்கும் வரை அந்தப் பொத்தான் திரையில் இருக்கக் கூடாது. பானுக்கு அவர் சொன்னது அவ்வளவுதான்.

பான் வெளியே வந்ததும் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, “ரெண்டு மாசம் போனா முப்பத்தொண்ணு கிடைக்குமோ என்னவோ” என்றார். வண்டியைக் கிளப்பிவிட்டு, “அறிக்கை நல்லாத்தான் எழுதியிருந்த” என்றார். அந்த வருடம் குழுத் தலைவி பதவி யூ-ஷியூவுக்கு வரவேண்டியது. வரவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

திருத்தம் மொத்தம் பன்னிரண்டு வரி. பிரதி எடுக்கும்போது பட்டியலையும் புதிதாக எழுது என்பதற்கு மூன்று வரி, சோதனைக்கு ஒன்பது. திங்கட்கிழமை அவள் அலுவலகத்துக்குப் போனபோது வெள்ளைப் பலகையில் திங்-யாவ் பெரிதாக, ‘தாய் நலமா?’ என்று எழுதி வைத்திருந்தான். அவள் அதை அழிக்கவில்லை. இப்போது பிரதி எடுக்கிற எதையாவது யார் எழுதினாலும் பக்கத்து மேசைக்காரர் அதைத்தான் கேட்கிறார்.

ஒரு மாதம் கழித்துப் பொத்தான் திரும்பி வந்தது. ஃபாங் ஜெல்லியோடு அடித்துப் பார்த்து அனுமதித்தார். ஷியாங் அக்கா அதைத் தொடவில்லை. ஒரு வாரம் முழுதும் பட்டறையின் பதினாலு கப்பையும் ஒவ்வொன்றாக அடித்தாள். மறுமுனையில் குவோ-துங் அவள் விரலுக்காகக் காத்திருந்து காத்திருந்து வாசிக்க வேண்டியிருந்தது.

எட்டாவது நாள் யூ-ஷியூ வேறு வேலையாகக் கடையில் நின்றிருந்தபோது இரண்டரை மணித் தொலைபேசி வந்தது. பட்டறைக்கு ஆய்வாளர்கள் வந்திருந்தார்கள், பதினேழு கப். குவோ-துங் முதல் வரியை வாசித்துவிட்டு இரண்டாவது வரியில் தயங்கினான். “ரெண்டு, பெரிய பால் டீ, முத்து இல்லாம, அரைச்...” என்று நீட்டி முழக்கத் தொடங்கினான்.

“என்ன வியாதி உங்களுக்கு? வாயில மேற்படி இல்லையா இன்னைக்கு?” என்றாள் ஷியாங் அக்கா.

“மேற்படி, முத்து வேணாம்” என்றான் குவோ-துங்.

அவள் பொத்தானை அழுத்தினாள். பதினேழு வரியும் முடிந்து சீட்டுகள் வந்ததும், ஒன்றையும் கப்பில் ஒட்டாமல், மேடையைத் துடைத்து வரிசையாகப் பரப்பினாள். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டாள். ஒவ்வொரு மேற்படிக்கும் முதலில் மேல் வரியைப் படித்தாள், பிறகு கீழ் வரியை.

“முத்து இருக்கு. இதுல இல்ல. சரி. ஜெல்லி இல்ல. இதுல இருக்கு. சரி.”

யூ-ஷியூ பக்கத்தில் நின்று அவளோடு சேர்ந்து பதினேழையும் படித்தாள். முடிந்ததும் ஷியாங் அக்கா முதல் சீட்டை எடுத்து முதல் கப்பில் ஒட்டினாள்.

“இன்னைக்குத் தப்பல. நாளைக்கும் இப்படித்தான் பரப்புவேன், சொல்லிட்டேன்” என்றாள்.

“பரப்புங்க அக்கா.”

“நீ சொல்லாட்டியும் பரப்புவேன்” என்று அடுத்த கப்பைக் கையில் எடுத்தாள்.